காத்து வாங்குதல்: ஒரு பந்தய நாவலும் ஓர் ஆற்றங்கரைச் சாலையும்

1

டிம் கிராபேயின் ‘தி ரைடர்’ நாவலில் நடப்பது ஒரே ஒரு விஷயம்தான். 1977 ஜூன் 26-ஆம் தேதி தெற்கு பிரான்ஸின் மலைப்பகுதியில் ஒரு சைக்கிள் பந்தயம். மொத்தம் 137 கிலோமீட்டர். அதில் ஓட்டுகிற கதைசொல்லியின் பெயரும் டிம் கிராபேதான். வழக்கமான அத்தியாயங்கள் கிடையாது. இப்போது எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறோம் என்பதுதான் தலைப்பு. டச்சு மொழியில் 1978-இல் வந்த நாவல், ஆங்கிலத்துக்கு வர 2002 ஆகிவிட்டது. கிராபேயை வேறு வழியில் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். காணாமல்போன காதலியைத் தேடி அலைகிறவனைப் பற்றிய ‘ஸ்பூர்லோஸ்’ (1988) படம் இவருடைய குறுநாவலிலிருந்து எடுத்ததுதான்.

இந்த நாவலை இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை என்னிடம் இருந்தது எம்.டி.பி. என்று நாம் சொல்கிற மவுன்டன் பைக். இரண்டாவது தடவை படித்தபோது ரோட் பைக்குக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வண்டி மாறியதில் புத்தகமும் மாறிப்போச்சு. முதல் வாசிப்பில் அது வலியைப் பற்றிய நாவலாகத் தெரிந்தது. இரண்டாவது வாசிப்பில் அது காற்றைப் பற்றிய நாவல். காற்று என்று வந்துவிட்டால் அதை யார் வாங்குவது என்கிற கேள்வியும் கூடவே வரும். அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கிராபேயையும், சைக்கிளைப் பற்றி நம்மிடம் இருக்கிற கதைகளையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஊர் திருநெல்வேலி. சாலை, ஜங்ஷனிலிருந்து பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் வரை போகிற ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தாமிரபரணி சில இடத்தில் பக்கத்திலும் சில இடத்தில் வயலுக்கு அந்தப் பக்கமும் கூடவே வரும். ஆறு கிழக்கே போகும். நாம் மேற்கே போவோம்.

2

எங்க ஊர் சைக்கிள் கடையில் போய் ‘கியர் சைக்கிள் வேணும்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது எம்.டி.பி.தான். இரண்டு இஞ்சுக்குக் குறையாத தடிமனில் பட்டன் பட்டனாக முள்வைத்த டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், அகலமான நேர் ஹேண்டில்பார். பார்க்கப் புல்லட்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும். என் தலைமுறைப் பையன்கள் முக்கால்வாசிப் பேருக்கு முதல் கியர் வண்டி இதுதான்.

இந்த வண்டி பிறந்த கதை நல்ல கதை. 1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் சில இளைஞர்கள், 1930, 40-களில் வந்த கனமான பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து வாங்கி, மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் கீழே விடுவார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேப்பர் போடுகிற பையன்கள் ஓட்டிய மாதிரியான வண்டிகள் அவை. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தால் பின்சக்கர ஹப்பில் இருக்கிற கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, டாம் ரிட்சி ஆகியோரின் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வண்டியைத் தொழிற்சாலையில் செய்து விற்க ஆரம்பித்தது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் மவுன்டன் பைக் பந்தயம் சேர்ந்துவிட்டது. பழைய இரும்புச் சாமானில் தொடங்கிய ஒரு விளையாட்டு இருபதே வருஷத்தில் ஒலிம்பிக் வரை போனது.

எம்.டி.பி. ஓட்டுகிறவனுக்கு ஒரு பார்வை வாய்க்கும். கண் எப்போதும் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று கஜத்தில் இருக்கும். கல், வேர், குழி, ஈரம். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் பிரிந்து சேரன்மகாதேவி வரை வருகிற கன்னடியன் கால்வாயின் கரையில் எம்.டி.பி. ஓட்டினால் இது புரியும். செம்மண் தடம், நடுவில் புல், ஓரத்தில் நண்டு வளை, குறுக்கே கிடக்கிற பனையோலை. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். சொல் சொல்லாக எழுத்துக்கூட்டிப் படிக்கிற வாசிப்பு அது. எனக்கு ஆறு வருஷம் அந்த வாசிப்புதான். நல்ல வாசிப்பு, குறையொன்றும் இல்லை. நிலத்தை அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்க வேறு வண்டியால் முடியாது.

ஆனால் மவுன்டன் பைக் என்கிற பெயரில் மலை இருக்கிறதே, அது இங்கே எங்கே இருக்கிறது?

மேற்கே பார்த்தால் பொதிகை தெரியும். அந்த மலை களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-இலிருந்து அப்படி. பாபநாசத்துக்கு மேலே காரையாறு போகவும், மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறவும் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். காட்டுத்தடத்தில் நினைத்த நேரத்துக்குச் சைக்கிளை விடுகிற கதையெல்லாம் இங்கே கிடையாது, இருக்கவும் கூடாது. இன்னொன்றும் உண்டு. மாஞ்சோலை 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்குப் போன மலை. அங்கே தேயிலை பறித்த தொழிலாளிகளின் கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர், கைக்குழந்தை உட்பட, போலீஸ் தடியடிக்கு நடுவில் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். கொக்கிரகுளத்தில் அந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் வண்டி போகிறது. கலிஃபோர்னியா இளைஞர்களுக்கு மலை என்பது லீவு நாளில் விளையாடப் போகிற இடம். இந்தப் பள்ளத்தாக்கில் மலை என்பது கூலி, குத்தகை, புலி, சாமி. மவுன்டன் பைக் என்கிற பெயர் இங்கே வந்ததும் மலையை விட்டுவிட்டு வெறும் டயராக நிற்கிறது.

3

எம்.டி.பி.யிலிருந்து ரோட் பைக்குக்கு மாறுவது ஒன்றும் உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. மவுன்டன் பைக் உலகக்கோப்பையை 1998, 1999 இரண்டு வருஷமும் ஜெயித்த ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ், சாலைக்கு மாறி 2011-இல் டூர் டி பிரான்ஸையே ஜெயித்தார். ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன் 2008-இல் மவுன்டன் பைக் ஜூனியர் உலகச் சாம்பியன். அப்புறம் 2015, 16, 17 என்று தொடர்ந்து மூன்று வருஷம் சாலைப் பந்தய உலகச் சாம்பியன். வண்டியைக் கையாளும் சூட்சுமம் மண்ணில் கற்றது, அது தாரில் காப்பாற்றும் என்பார்கள். உண்மைதான். இரண்டு சக்கரமும் வழுக்கும்போது பதறாமல் இருக்க மண்ணில்தான் பழக முடியும்.

உடம்பு அளவில் மாற்றம் என்னவென்று நண்பர்கள் கேட்பார்கள். முதலில் எடை. ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த சாதாரண எம்.டி.பி. பதினைந்து கிலோவுக்கு மேலே நிற்கும். ரோட் பைக் ஒன்பது, பத்து. அடுத்தது டயர். விரல் தடிமனுக்கு, 25 அல்லது 28 மில்லிமீட்டர். உள்ளே காற்று மட்டும் எம்.டி.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் இருக்கும். ஹேண்டில்பார் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். இடுப்பிலிருந்து குனிந்து அந்த வளைவைப் பிடிக்க வேண்டும். முதல் மாதம் கழுத்தும் உள்ளங்கையும் வலிக்கும். அப்புறம் பழகிவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அதைச் சேரன்மகாதேவிக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடை அண்ணாச்சி இரண்டே வரியில் சொல்லிவிட்டார். காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“என்ன தம்பி, டயரு பாம்புக்குட்டி கணக்கா இருக்கு. எவ்வளவு அடிக்கணும்?”

“தொண்ணூறு அண்ணாச்சி.”

அவர் குழாயை எடுத்து வால்வில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. எம்.டி.பி.யில் இருப்பது மோட்டார் பைக், கார் டயரில் இருக்கிற அதே வால்வு. எந்தப் பெட்ரோல் பங்கிலும் அடித்துக்கொள்ளலாம். ரோட் பைக்கில் இருப்பது பிரஸ்டா வால்வு. ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு, தலையில் குட்டித் திருகோடு இருக்கும்.

“இது நம்ம பம்புக்கு ஏறாதுல்லா. நடுவழியில நின்னுபோச்சுன்னா என்ன செய்வீய?”

“பையில சின்னப் பம்பு வச்சிருக்கேன் அண்ணாச்சி.”

“அப்போ சரி. நல்ல வண்டிதான். ஆனா ஊர் வண்டி இல்ல.”

ஊர் வண்டி இல்லை. விமர்சனம் என்றால் இதுதான் விமர்சனம். எம்.டி.பி. வரைக்கும் நான் அண்ணாச்சியின் பம்புக்கு உட்பட்டவன். ரோட் பைக் என்னை வேகமாக ஆக்கிய கையோடு, நூறு வருஷமாக இந்தச் சாலையோரத்தில் இருக்கிற சைக்கிள் கடைகளின் உலகத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. இதை ஓரமாக வைத்துக்கொள்வோம். கிராபேயிடம் போகும்போது தேவைப்படும்.

4

ஐரோப்பியர்கள் சைக்கிளைப் பற்றி எழுதினால் மலை வந்தே தீரும். ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் டூர் டி பிரான்ஸை ஒரு காவியமாக வாசிக்கிறார். அதில் மலைகளுக்கும் வீரர்களைப் போலவே குணம் உண்டு. வான்டூ மலையை அவர் பலி கேட்கிற தீய தெய்வமாகவே பார்க்கிறார். பத்து வருஷம் கழித்து, 1967 ஜூலை 13 அன்று, டாம் சிம்ப்ஸன் அதே மலையின் ஏற்றத்தில் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் பார்த்தின் கட்டுரையை வெறும் அலங்காரமாக யாரால் படிக்க முடியும்?

நம் சாலையில் அப்படியொரு தெய்வம் உண்டா என்றால், ஜங்ஷனிலிருந்து பாபநாசம் வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வயல், வாழை, குளம், ஊர், மறுபடி வயல். ஆனால் ஆனியிலும் ஆடியிலும் இந்தச் சாலையில் மேற்கே போய்ப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பிதுங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து இறங்கும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் இந்தப் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. குற்றாலத்தில் சாரல் அடித்துச் சனம் குளித்துக்கொண்டிருக்கும்போது இங்கே வெயிலும் காற்றும் சேர்ந்து முகத்தில் அறையும். இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிள்காரனின் மலை, காற்று.

எம்.டி.பி.யில் இது தெரியாதா என்றால், தெரியும். தெரிகிற விதம் வேறு. நிமிர்ந்து உட்கார்ந்து, கையை அகல விரித்து, நெஞ்சைக் காட்டிக்கொண்டு போகும்போது நாமே ஒரு பாய்மரம். காற்று மொத்தமாக அடிக்கும். இன்றைக்கு வண்டி போகவில்லை என்று மட்டும் தோன்றும். ரோட் பைக்கில் குனிந்து வளைவைப் பிடித்ததும், காற்றுக்குள் ஒரு ஓட்டை இருப்பதும் அதற்குள் உடம்பைச் சொருகிக்கொள்ளலாம் என்பதும் தெரிகிறது. தாடையை இரண்டு விரல்கடை இறக்கினால் என்ன ஆகும், முழங்கையை ஒடுக்கினால் என்ன ஆகும், குளக்கரை பனைவரிசைக்குப் பின்னால் காற்று எத்தனை நொடி விடும் என்பதெல்லாம் கணக்காகிறது. கணக்கு நிஜமாகவே கடுமையானது. காற்றில்லாத நாளில்கூட வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் மிதிக்கிற மிதியில் பெரும்பகுதி காற்றுக்கே போய்ச் சேரும்.

அப்போது பார்வையும் மாறுகிறது. சக்கரத்துக்கு முன்னால் கிடந்த கண் நிமிர்ந்து தூரத்துக்குப் போகிறது. எழுத்துக்கூட்டிப் படித்தது போய் வாக்கியமாகப் படிக்க வருகிறது. வீரவநல்லூர் வரைக்கும் ஒரே மூச்சு, அப்புறம் ஒரு அரைப்புள்ளி, கல்லிடைக்குறிச்சியில் ஒரு முற்றுப்புள்ளி என்று சாலை நீளமாகிறது. கிராபே ஏன் கிலோமீட்டரைத் தலைப்பாக வைத்தார் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

5

காற்றைப் பிடித்துக்கொண்டு ‘தி ரைடர்’ நாவலுக்குத் திரும்பினால், இதுவரை வலி மூடி வைத்திருந்த ஒரு கதை மேலே வருகிறது.

சாலைப் பந்தயத்தின் அடிப்படை ரகசியம் இது: முன்னால் போகிறவன் காற்றை வாங்குகிறான், பின்னால் ஒட்டி வருகிறவன் மிச்சம் பிடிக்கிறான். சக்கரத்துக்குச் சக்கரம் நெருக்கமாக வந்தால் மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும். அதனால் ஒரு கூட்டம் தப்பித்து முன்னே போனால், ஆள் மாற்றி ஆள் முன்னால் வந்து காற்றை வாங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். கிராபேயின் பந்தயத்தில் லெபுஸ்க் என்று ஒருத்தர் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், பலசாலி, சூது தெரியாதவர். கேட்காமலே முன்னால் போய் இழுத்துக்கொண்டே இருப்பார். ரெய்லான் என்று ஒரு இளைஞன். அவன் முன்னால் வரவே மாட்டான். அடுத்தவன் முதுகுக்குப் பின்னாலேயே கடைசி வரை உட்கார்ந்திருப்பான். கிராபேயின் மொத்த வெறுப்பும் அவன் மேல்தான். நாவலின் முடிவைச் சொன்னால் சுவாரசியம் கெடும் என்பவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள். ஜெயிப்பது ரெய்லான்தான்.

முதல் வாசிப்பில் இது விளையாட்டில் நடக்கிற அநியாயமாகத் தெரிந்தது. இரண்டாவதில் இது உலகத்தின் வரைபடம். லெபுஸ்க் மாதிரி ஆட்கள் இழுக்க, ரெய்லான் மாதிரி ஆட்கள் ஜெயிக்க, கிராபே மாதிரி நடுவில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுக் கசந்துபோய் அதை எழுத. நாவலின் மேன்மை இங்கேதான் இருக்கிறது. உழைப்பை யார் தருகிறார்கள், யார் சேமிக்கிறார்கள் என்பதை ஒரு தத்துவ வாக்கியமும் இல்லாமல் வெறும் கிலோமீட்டர் கணக்கிலேயே காட்டிவிடுகிறது. ஏற்றத்தில் மூளை சுருங்கி, பொருளே இல்லாத ஒரு சொல் மிதிக்கு மிதி தலைக்குள் சுற்றுவதை எழுதுகிறார் பாருங்கள், அந்த இடம் ஓட்டியவனால் மட்டுமே எழுத முடிகிற இடம்.

இன்னொரு இடம் எனக்குப் பிடித்தது. ஐந்து தடவை டூர் ஜெயித்த ஜாக் அங்கெட்டில், ஏற்றம் வந்ததும் தண்ணீர் பாட்டிலைச் சைக்கிளிலிருந்து எடுத்து முதுகுப் பையில் வைத்துக்கொள்வாராம், வண்டி கனம் குறைய வேண்டும் என்று. கனம் எங்கே குறைகிறது? எல்லாம் அதே ஆள், அதே வண்டிதானே. ஏற்றத்தில் எடுத்த புகைப்படங்களில் பாட்டில் சைக்கிளிலேயேதான் இருக்கிறது என்பதையும் கிராபேயே சொல்லிவிட்டு, கதைதான் உண்மை, படங்கள்தான் தப்பு என்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் பாபநாசம் ஞாபகம் வந்தது. கயிலாயத்தில் கல்யாணத்துக்குக் கூட்டம் கூடிப் பூமி சாய, சமன் செய்ய அகத்தியர் ஒருத்தர் தெற்கே பொதிகைக்கு வந்தார், அவருக்கு இங்கேயே கல்யாணக் கோலம் காட்டினார் சாமி என்பது நம் ஐதீகம். ஒரு ஆளின் எடையால் பூமி சமன்படுமா என்று யாரும் தராசு எடுத்துக்கொண்டு வருவதில்லை. கனத்தை இடம் மாற்றுவதில் மனிதனுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அது அங்கெட்டிலுக்கும் தெரிந்திருக்கிறது, நம் பாட்டன்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு நாவலோடு என் சண்டையைச் சொல்ல வேண்டும். பந்தயம் தொடங்கும் முன், கதைசொல்லி சாலையோரத்து மனிதர்களைப் பார்க்கிறார். பந்தயம் ஓட்டாத அந்த வாழ்க்கைகள் எவ்வளவு வெறுமையானவை என்று அவருக்கு அதிர்ச்சியாகிறது. சைக்கிள்காரர்கள் டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிற இடம் அது. கிராபே தன்னையே கிண்டல் செய்கிறார், கதைசொல்லியின் திமிரை எழுத்தாளர் அறிவார் என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தக் கிண்டலும் ஒன்றை நம்பித்தான் நிற்கிறது: சாலை வேறு, சாலையோரம் வேறு. ஓட்டுகிறவன் இங்கே, பார்க்கிறவன் அங்கே.

எங்கள் சாலையில் அந்தக் கோடு கிடையாது. ஆடி மாசக் காலை. கார் சாகுபடிக்கு நடவு நடக்கிற நேரம். நான் குனிந்து, காற்றுக்குள் ஓட்டை தேடி மேற்கே போய்க்கொண்டிருக்கிறேன். முன்னால் ஒரு பெரியவர், கேரியரில் புல்லுக்கட்டு. வண்டி இருபது கிலோவுக்கு மேலிருக்கும் கறுப்பு ஸ்டாண்டர்டு சைக்கிள். புல்லுக்கட்டு காற்றில் விரிந்து நிற்கிறது. அவரும் குனிந்திருக்கிறார். தாடை இறங்கியிருக்கிறது, முழங்கை ஒடுங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கி, வீடியோ பார்த்து நான் பழகிய அதே கோணம். அவருக்கு அதைக் காற்றே கற்றுக்கொடுத்திருக்கிறது. அவரைத் தாண்டிப் போகிறேன். அவர் வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது என்று இந்தச் சாலையில் யாரால் நினைக்க முடியும்? எதிரில் இருப்பது ஒரே காற்று. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு அது மாட்டுக்குத் தீவனம்.

கலிஃபோர்னியாவில் பழைய கன வண்டிகள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று விளையாட்டுக்கு வந்தன. இங்கே அவை இன்னும் வேலையிலேயே இருக்கின்றன. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, ஹெர்குலஸ் என்கிற பெயர் ஊர் ஊராகப் போன காலத்து வண்டிகளின் வாரிசுகள் இன்றும் பால் கேனும் வாழைத்தாரும் சுமந்துகொண்டு இந்தச் சாலையில் போகின்றன. ‘தி ரைடர்’ இந்தப் பெரியவரைத் தாண்டும்போது அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. காற்றை யார் வாங்குகிறார்கள் என்று அவ்வளவு கூர்மையாகப் பார்த்த நாவல், பந்தயத்துக்குப் பேர் கொடுத்தவர்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது.

6

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது?

ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் இயக்கிய ‘குரங்கு பெடல்’ 2024-இல் வந்தது. சைக்கிள் ஓட்டத் தெரியாத அப்பா, ஊர் கேலி, வாடகை சைக்கிள் எடுத்துக் கற்றுக்கொள்ளத் துடிக்கிற பையன். எனக்குப் பிடித்த படம். சைக்கிள் என்பது ஒரு வீட்டில் மானப் பிரச்சினையாக இருந்த காலத்தைக் கண் முன்னால் கொண்டுவருகிறது. பி.சாய்நாத் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை பற்றி எழுதிய கட்டுரை இன்னொன்று. அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதை, அதற்காக அவர்கள் வாங்கிய பேச்சை, அவர்கள் அடைந்த நடமாட்டச் சுதந்திரத்தை எழுதினார். அந்தக் கட்டுரை நம்முடைய சைக்கிள் எழுத்தின் உச்சம் என்றே சொல்வேன். வெளியே போனால், டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948). வண்டி சீக்கிரமே திருடுபோய்விடும். மிச்சப் படம் முழுக்க நடைதான்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நம் மனசுக்கு நெருக்கமான சைக்கிள் கதைகள் சைக்கிள் கிடைப்பதைப் பற்றியவை, கற்றுக்கொள்வதைப் பற்றியவை, தொலைப்பதைப் பற்றியவை. பையன் பேலன்ஸ் பிடித்து, பின்னால் பிடித்திருந்த கை விலகியதும் படம் முடிந்துவிடும். அப்புறம் அவன் நாற்பது வருஷம் அந்தச் சைக்கிளை மிதிப்பான். அந்த நாற்பது வருஷம் கதையில் இல்லை. காரணமும் தெரிந்ததுதான். இல்லாதவர்களுக்கு முதல் கேள்வி கிடைக்குமா என்பது; எப்படி இருந்தது என்பது அப்புறம். ஆனால் எத்தனை காலத்துக்குத்தான் அந்த முதல் காட்சியையே எழுதிக்கொண்டிருப்பது? தமிழ்நாட்டு அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவிகள் எல்லாருக்குமாக விரித்த விலையில்லா சைக்கிள் திட்டத்தில் ஒரு தலைமுறையே வண்டி வாங்கி மிதித்து வளர்ந்துவிட்டது. சைக்கிள் கிடைத்துவிட்டது. மிதித்த கிலோமீட்டர்கள்தான் இன்னும் எழுத்துக்கு வரவில்லை.

கிராபே தொடங்குகிற இடம் நம் கதைகள் நிற்கிற இடம். அவரிடம் தூரம் இருக்கிறது, சாலையோரம் இல்லை. நம்மிடம் சாலையோரம் இருக்கிறது, தூரம் இல்லை. எம்.டி.பி.யிலிருந்து ரோட் பைக்குக்கு மாறுவதா என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வதும் இதுதான். மாறுங்கள், தூரம் கிடைக்கும். கால்வாய்க்கரையில் கற்ற கண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். முள் டயர் சொல்லித் தந்த கிட்டப்பார்வை இல்லாமல் வெறும் வேகத்தில் போனால் புல்லுக்கட்டுப் பெரியவர் ஒரு தடங்கலாகத்தான் தெரிவார். பிரஸ்டா வால்வுக்கு ஒரு பித்தளைக் கன்வெர்ட்டர் கிடைக்கும், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைத் திருகினால் எந்தப் பங்க் குழாயும் ஏறும். அதைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி கடையில் நில்லுங்கள்.

நான் படிக்க ஆசைப்படுகிற தமிழ்ப் புத்தகம் ஒன்று உண்டு. ஜங்ஷன் முதல் பாபநாசம் வரை ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது தலைப்பு. ஓட்டுகிறவர் யாராகவும் இருக்கலாம். பந்தயக்காரராக மட்டும் இருக்கக் கூடாது. முக்கூடல் பக்கத்தில் பீடி இலைக் கட்டைக் கேரியரில் வைத்துப் போகிற ஒரு அக்காவாக இருக்கலாம். மேல்காத்து அடிக்கிற மாசத்தில் நடக்கட்டும் கதை.

அந்தப் புத்தகத்தில் ஒரு காட்சி கட்டாயம் வர வேண்டும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, அரசு சைக்கிளில் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள். எதிர்க்காற்று. பந்தயக்காரன் பார்த்தால் சொல்வான்: ஒருத்தி பின்னால் ஒருத்தி வரிசையாகப் போங்கள், முன்னால் போகிறவள் காற்றை வாங்கட்டும், மாற்றி மாற்றி இழுங்கள், மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அவர்கள் அப்படிப் போவதில்லை. பஸ்காரன் ஹாரன் அடித்தாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகிறார்கள், பேசிக்கொண்டு. ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி போனால் பேச முடியாதே. யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிவதில்லை, யாரும் எதையும் மிச்சம் பிடிப்பதில்லை. எல்லாருமாகச் சேர்ந்து காத்து வாங்குகிறார்கள். ‘தி ரைடர்’ நாவலின் 137 கிலோமீட்டரில் இப்படி ஒரு வரிசை எங்கும் கிடையாது.